'அக்செப்ட்' அழுத்துவதற்கு முன்னால்... ஃபெடரல் ஸ்டூடன்ட் லோன் பற்றி அக்கா சொல்லும் 12 டிப்ஸ்

என் தம்பி இந்த வருடம் காலேஜில் சேருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, "அக்கா, எனக்கு 13,000 டாலர் எய்ட் கிடைச்சிருக்கு!" என்றான். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா உடனே சித்தப்பாவுக்கு போன் போட எழுந்தார். நான் மட்டும், "ஒரு நிமிஷம் இருடா" என்று லேப்டாப்பை இழுத்துப் பார்த்தேன். அந்த 13,000-இல் 5,500 டாலர் கடன். 2,000 டாலர், வேலை பார்த்தால் வரும் சம்பளம். திருப்பித் தர வேண்டாத பணம் 5,500 மட்டும்தான்.

2014-இல் நான் காலேஜில் சேர்ந்தபோது இப்படிப் பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நியூ ஜெர்சியில் எங்களுக்கு கிரீன் கார்டு கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. திரையில் வந்த எல்லாவற்றுக்கும் 'அக்செப்ட்' கொடுத்தேன். செப்டம்பரில் காலேஜ் பில் போக மீதி 1,400 டாலர் என் பேங்க் அக்கவுன்ட்டில் விழுந்தது. ஸ்காலர்ஷிப் மிச்சம் என்று நினைத்துப் புது போன் வாங்கினேன். தோழிகளோடு ஊர் சுற்றினேன். நாலு வருடம் கழித்து, படிப்பு முடிகிற நேரத்தில் மொத்தக் கடனைக் காட்டும் பக்கத்தைத் திறந்தபோதுதான் அந்த 1,400-ம் அதில் இருந்தது புரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கடனை ஒரு டாலர் பாக்கியில்லாமல் அடைத்துவிட்டேன். ஆனால் அப்படி ஒரு ராத்திரி உனக்கு வரக்கூடாது. தம்பிக்கு உட்கார்ந்து சொன்னதையெல்லாம் அதனால்தான் உனக்கும் எழுதுகிறேன். அப்பா அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

1. உனக்குத் தகுதி உண்டா என்று முதலில் பார்

ஃபெடரல் லோன் என்பது அமெரிக்க மத்திய அரசின் கல்வித் துறை மாணவருக்கு நேரடியாகத் தரும் கடன். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் போன்ற சில பிரிவினருக்குத்தான் இது கிடைக்கும். எச்-4 விசாவிலோ எஃப்-1 விசாவிலோ இருந்தால் கிடைக்காது.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. அப்பா எச்-1பி, அம்மா எச்-4, பிள்ளை இங்கேயே பிறந்தவன். "நமக்குத்தான் கிரீன் கார்டு இல்லையே, அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். பார்க்கப்படுவது மாணவனின் குடியுரிமைதான். பெற்றோரின் விசா அவன் தகுதியைத் தடுக்காது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அம்மாவும் விண்ணப்பத்துக்கான அக்கவுன்ட் தொடங்கலாம்.

2. ஃபாஃப்ஸா ஒன்றுதான் வாசல். அதற்குக் கட்டணம் இல்லை

மத்திய அரசின் கிராண்ட், வொர்க் ஸ்டடி, லோன் எல்லாவற்றுக்கும் ஃபாஃப்ஸா என்ற ஒரே விண்ணப்பம். ஸ்டூடன்ட் எய்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் போடலாம். அடுத்த கல்வி ஆண்டுக்கானது வழக்கமாக அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கும். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். "காசு கொடுங்க, நாங்க போட்டுத் தர்றோம்" என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

உனக்கு ஒரு அக்கவுன்ட், பெற்றோருக்குத் தனியாக ஒன்று. அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே வருமான வரிக் கணக்குக் கொடுத்திருந்தால் இருவரில் ஒருவர் போதும். வரி விவரத்தை ஐஆர்எஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்ள நீயும் பெற்றோரும் சம்மதம் தந்தே ஆக வேண்டும். அந்த ஒரு இடத்தில் 'இல்லை' என்று போட்டால் மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது. கணக்கில் எடுப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. 2026-27 கல்வி ஆண்டு என்றால் 2024-ஆம் வருட வரிக் கணக்கு.

சொத்து விவரத்தில் குடியிருக்கும் வீட்டையும் 401கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பையும் காட்ட வேண்டியதில்லை. ஊரில் வாங்கிப் போட்ட மனை, வாடகைக்கு விட்ட ஃபிளாட், அங்கே பேங்கில் கிடக்கும் டெபாசிட் இவற்றைக் கேள்வி வந்தால் மறைக்காமல் காட்டச் சொல். அரசுப் படிவத்தில் பொய் சொல்லிக் கிடைக்கும் பணம் நமக்கு வேண்டாம்.

"எங்களுக்கு நல்ல சம்பளம், எதுவும் கிடைக்காது" என்று அப்பா சொன்னாலும் போடு. அன்சப்சிடைஸ்ட் லோன் என்ற வகைக்கு (நாலாவது டிப்ஸில் விளக்குகிறேன்) வருமான வரம்பே கிடையாது. நியூ ஜெர்சியின் டியூஷன் எய்ட் கிராண்ட், கலிஃபோர்னியாவின் கால் கிராண்ட் போன்ற மாநில உதவிகளுக்கும் ஃபாஃப்ஸாதான் தொடக்கம். மாநிலமும் காலேஜும் வைக்கும் கடைசித் தேதிகள் மத்திய அரசின் தேதியைவிட மிக முன்னால் வரும். அவற்றை காலண்டரில் குறித்து வை.

3. எய்ட் கடிதத்தை மூன்று பத்தியாகப் பிரி

காலேஜ் அனுப்பும் கடிதத்தில் எல்லாத் தொகையும் ஒன்றாகக் கூட்டிப் போடப்பட்டிருக்கும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று பத்தி போடு.

முதல் பத்தி, திருப்பித் தர வேண்டாதது. கிராண்டும் ஸ்காலர்ஷிப்பும் இங்கே வரும். மத்திய அரசின் பெல் கிராண்ட் இதில்தான் சேரும். 2025-26-இல் அதன் உச்சத் தொகை 7,395 டாலர்.

இரண்டாம் பத்தி, உழைத்தால் வருவது. வொர்க் ஸ்டடி என்றால் நீ நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்து மணிக்கணக்கில் வாங்கும் சம்பளம். வேலை கிடைத்து, போய்ச் செய்தால்தான் வரும். ஆகஸ்ட் மாதப் பில்லைக் கட்ட அது உதவாது.

மூன்றாம் பத்தி, திருப்பித் தர வேண்டியது. 'லோன்' என்ற சொல் எங்கே இருந்தாலும் இங்கே எழுது. சில கடிதங்களில் 'சப்', 'அன்சப்' என்று சுருக்கி மட்டும் போட்டிருப்பார்கள். அதுவும் கடன்தான்.

பிறகு காலேஜின் ஒரு வருட மொத்தச் செலவிலிருந்து முதல் பத்தியை மட்டும் கழி. அதுதான் அந்தக் காலேஜ் உன் குடும்பத்துக்கு ஆகும் உண்மையான செலவு. இரண்டு காலேஜை ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். என் தோழி ஒருத்தி, "இங்கேதான் எய்ட் அதிகம்" என்று ஒரு காலேஜைத் தேர்ந்தெடுத்தாள். அந்த அதிகம் முழுக்க மூன்றாம் பத்தியில் இருந்தது.

4. சப்சிடைஸ்ட், அன்சப்சிடைஸ்ட்: வட்டி யார் தலையில்?

இளநிலைப் படிப்புக்கு உன் பெயரில் கிடைக்கும் ஃபெடரல் லோன் இரண்டு வகை.

சப்சிடைஸ்ட் லோன், குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத் தரப்படுவது. குறைந்தது பாதி நேர மாணவராக நீ படிக்கும் காலம் முழுக்க, படிப்பு முடிந்து ஆறு மாதம் வரை, வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும். இன்று 3,500 வாங்கினால் படிப்பு முடியும்போதும் 3,500 தான்.

அன்சப்சிடைஸ்ட் லோனுக்குத் தேவையைக் காட்ட வேண்டியதில்லை. பணம் காலேஜுக்குப் போன நாளிலிருந்து வட்டி உன் கணக்கில் ஏறும். நீ வகுப்பில் இருக்கும்போதும், கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டி மடியில் படுத்திருக்கும்போதும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எனவே கடன் தேவைப்பட்டால் முதலில் சப்சிடைஸ்ட். அது போதாவிட்டால் மட்டும் அன்சப்சிடைஸ்ட்.

5. எவ்வளவு வரை கிடைக்கும்?

24 வயதுக்குக் கீழே, திருமணம் ஆகாதவர் என்றால் பெரும்பாலும் 'டிபென்டன்ட்' மாணவர் என்றுதான் கணக்கு. அப்பா அம்மா காசு தராவிட்டாலும் அப்படித்தான். டிபென்டன்ட் மாணவர்களுக்கான உச்சவரம்பு:

முதல் வருடம் 5,500 டாலர். அதில் சப்சிடைஸ்ட் 3,500-க்கு மேல் போகாது.
இரண்டாம் வருடம் 6,500. சப்சிடைஸ்ட் 4,500 வரை.
மூன்றாம் வருடம் முதல் ஒவ்வொரு வருடமும் 7,500. சப்சிடைஸ்ட் 5,500 வரை.
மொத்தப் படிப்புக்கும் 31,000. சப்சிடைஸ்ட் 23,000 வரை.

நாலு வருடத்தில் முடித்தால் கூட்டுத்தொகை 27,000 டாலர். இந்தக் கடனுக்கு உன் கிரெடிட் ஸ்கோரைப் பார்க்க மாட்டார்கள், ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஊரில் கல்விக் கடன் என்றால் அப்பாவோ அம்மாவோ கூடவே கையெழுத்துப் போடுவார்கள். இங்கே பதினேழு, பதினெட்டு வயதில் நீ ஒருவர் மட்டும் போடும் கையெழுத்து இது. மாஸ்டர் பிராமிசரி நோட் என்ற அந்தப் பத்திரத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் பத்து வருடம் வரை அதன் பேரில் புதுக் கடன் வாங்க முடியும். அதனால் நிதானமாக வாசித்துப் போடு.

இன்னொரு சங்கதி. 2026 ஜூலை 1 முதல், முழு நேரத்துக்குக் குறைவான பாடங்கள் எடுத்தால் அந்த வருடக் கடன் வரம்பும் அதற்கேற்பக் குறையும். பாடத்தைக் கைவிடுமுன் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேள்.

6. வட்டி எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது?

நகையை அடகு வைக்கப் போனால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதுதான். நீயும் அதையே கேள்.

ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க அரசின் பத்து வருடக் கடன் பத்திர ஏலத்தில் வரும் வட்டியோடு 2.05 சதவீதப் புள்ளியைக் கூட்டி, இளநிலை மாணவர் கடனுக்கான வட்டியை நிர்ணயிக்கிறார்கள். எப்படிப் போனாலும் 8.25%-ஐத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஜூலை 1 முதல் மறு வருடம் ஜூன் 30 வரை வழங்கும் கடனுக்கு அந்த வட்டி. 2020-21-இல் 2.75% தான் இருந்தது. 2024-25-இல் 6.53%. 2025-26-இல் 6.39%. ஒரு கடனுக்கு விழுந்த வட்டி அது அடையும் வரை மாறாது. நாலு வருடம் வாங்கினால் நாலு வட்டி விகிதத்தில் நாலு கடன் இருக்கும்.

இதற்கு மேல் கட்டணம் ஒன்றும் உண்டு. 2025-26-இல் அது 1.057%. 5,500 டாலர் கடனில் சுமார் 58 டாலரைப் பிடித்துக்கொண்டுதான் காலேஜுக்கு அனுப்புவார்கள். ஆனால் நீ திருப்பிக் கட்ட வேண்டியது 5,500. பில்லுக்குச் சரியாகக் கணக்குப் போட்டு வாங்கும்போது இந்தக் கழிவையும் நினைவில் வை.

7. தருவதையெல்லாம் வாங்காதே

கடிதத்தில் 5,500 என்று இருந்தால் 5,500-ம் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு கடனையும் தனித்தனியாக ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்துக் கேட்கலாம். தம்பியின் விஷயத்தில் நாங்கள் செய்தது இதுதான்: சப்சிடைஸ்ட் 3,500-ஐ ஏற்றோம். அன்சப்சிடைஸ்ட் 2,000-ஐ மறுத்துவிட்டோம். அந்த இடைவெளிக்கு அவன் கோடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும் அப்பாவின் மாதத் தவணையும் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தோம்.

கடன் பணம் முதலில் காலேஜுக்குப் போகும். டியூஷன், விடுதி, சாப்பாடு எல்லாம் கழித்து மீதி இருந்தால் 14 நாளுக்குள் உன் கைக்கு வரும். அதை 'ரீஃபண்ட்' என்பார்கள். அந்தப் பெயரில்தான் நான் ஏமாந்தேன். கடன் வாங்கியிருக்கும் வருடத்தில் வரும் ரீஃபண்ட், பெரும்பாலும் கடனின் மிச்சம்.

வாங்கிய பிறகு அதிகம் என்று தோன்றினால் வழி இருக்கிறது. பணம் வழங்கப்பட்ட 120 நாளுக்குள் திருப்பிவிட்டால், திருப்பிய தொகைக்கு வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. இது அன்றே எனக்குத் தெரிந்திருந்தால் அந்த 1,400 டாலரை மறுநாளே திருப்பி அனுப்பியிருப்பேன்.

8. படிக்கும்போதே வட்டியைக் கட்டு

அன்சப்சிடைஸ்ட் 2,000 டாலருக்கு 6.39%-இல் ஒரு வருட வட்டி சுமார் 128 டாலர். மாதம் 11 டாலர்கூட ஆகாது. தேவை அடிப்படையில் எதுவும் கிடைக்காமல் 5,500-ம் அன்சப்சிடைஸ்டாக வாங்கியிருந்தால் வருடத்துக்கு 351 டாலர், மாதம் 30-க்குக் கொஞ்சம் குறைவு. பகுதி நேர வேலையில் இரண்டு, மூன்று மணி நேரச் சம்பளம் இதற்குப் போதும்.

யாரும் உன்னைக் கட்டச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். கட்டாவிட்டால் அபராதமும் இல்லை. ஆனால் கட்டினால், பட்டம் வாங்கும் நாளில் உன் கடன் வாங்கிய தொகையாகவே நிற்கும். பின்னால் ஏதாவது காரணத்துக்காகத் தவணையை ஒத்திவைத்தால், அன்சப்சிடைஸ்ட் கடனில் கட்டாமல் நிற்கும் வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும். அதற்கு இடம் கொடுக்காதே.

9. அப்பா, அம்மாவுக்கு: பேரன்ட் பிளஸ், பிரைவேட் லோன்

இந்தப் பகுதியை அவர்களிடம் கொடு.

மாணவர் கடன் போதாதபோது காலேஜே 'பேரன்ட் பிளஸ்' என்று ஒன்றைக் கடிதத்தில் போட்டுக் காட்டும். இது அப்பாவோ அம்மாவோ தன் பெயரில் வாங்கும் ஃபெடரல் லோன். பிள்ளை வேலைக்குப் போனபின் அவன் தலைக்கு மாறாது. வாங்கும் பெற்றோர் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக இருக்க வேண்டும். கிரெடிட் வரலாற்றில் பெரிய குறை இருக்கக் கூடாது. 2025-26-இல் வட்டி 8.94%, கட்டணம் 4.228%. 20,000 டாலர் வாங்கினால் கட்டணமாக மட்டும் 845 டாலருக்கு மேல் போகும். முதல் வருட வட்டி 1,788 டாலர்.

2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாக பேரன்ட் பிளஸ் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்திருக்கிறது. வருமானத்துக்கு ஏற்றபடி தவணை கட்டும் வசதியும் அந்தப் புதுக் கடன்களுக்கு இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அப்பா இதை வாங்குமுன், தன் ஓய்வுக்காலச் சேமிப்பையும் அடுத்த பிள்ளையின் படிப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும். படிப்புக்குக் கடன் கிடைக்கும். ஓய்வுக்காலத்துக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

பேரன்ட் பிளஸ் மறுக்கப்பட்டால் கவலைப்பட வேண்டாம். அந்த மறுப்பைக் காட்டி, மாணவர் தன் பெயரிலேயே கூடுதல் அன்சப்சிடைஸ்ட் கடன் பெறலாம். முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 4,000 வரை, அதன் பிறகு 5,000 வரை.

பிரைவேட் லோன் என்பது பேங்குகளும் தனியார் நிறுவனங்களும் தருவது. பெரும்பாலும் இன்னொருவர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மாணவர் தவறினால் முழுக் கடனும் அவர் மேல் விழும். சிலவற்றில் வட்டி மாறிக்கொண்டே இருக்கும். சம்பளத்துக்கு ஏற்றபடி தவணை, பொதுச் சேவைக்குத் தள்ளுபடி போன்ற ஃபெடரல் சலுகைகள் எதுவும் இதில் இல்லை. கூப்பிட்டு, "அண்ணா, ஒரு கையெழுத்துத்தானே" என்று சொந்தக்காரர் கேட்டால்கூட, அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

10. படிப்பு நின்றாலும் கடன் நிற்காது

நீ பட்டம் வாங்கினாலும், பாதியில் விட்டாலும், பாதி நேரத்துக்கும் குறைவாகப் பாடம் எடுத்தாலும் அன்றிலிருந்து ஆறு மாத கிரேஸ் பீரியட் ஓடத் தொடங்கும். அது முடிந்ததும் தவணை தொடங்கும். பட்டம் இல்லை என்பதால் கடன் குறையாது. மிகவும் சிரமப்படுவது பாதியில் விட்டவர்கள்தான்; கடன் இருக்கும், அதை அடைக்கும் சம்பளம் இருக்காது. அதனால்தான், நாலு வருடமும் கட்டுப்படியாகும் காலேஜாகப் பார் என்று தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்குப் பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

கடனை அரசு கொடுத்தாலும் தவணையை வசூலிப்பது லோன் சர்வீசர் என்ற நிறுவனம். நெல்நெட், மொஹீலா, எய்ட்வான்டேஜ், எட்ஃபைனான்ஷியல் என்று பல இருக்கின்றன. உன் சர்வீசர் யார் என்பது ஸ்டூடன்ட் எய்ட் டாட் கவ் தளத்தில் உன் அக்கவுன்ட்டில் தெரியும். காலேஜ் மின்னஞ்சல் படிப்போடு போய்விடும். சொந்த மின்னஞ்சலையும் புது முகவரியையும் அங்கே கொடுத்து வை. கடிதம் வரவில்லை என்பது தவணை தவறியதற்குக் காரணமாக ஏற்கப்படாது.

11. தவணைத் திட்டத்தைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடு

2026 ஜூலை 1-க்குப் பிறகு முதன்முதலாகக் கடன் வாங்கும் மாணவருக்கு இரண்டே திட்டங்கள்.

ஒன்று, ஸ்டாண்டர்ட் திட்டம். மாதா மாதம் ஒரே தொகை. மொத்தக் கடன் 25,000 டாலருக்குக் கீழே என்றால் பத்து வருடம். 25,000-லிருந்து 50,000-க்குள் என்றால் பதினைந்து வருடம். அதற்கு மேல் இன்னும் நீளும்.

27,000 டாலருக்கு 6.39% என்று வைத்துப் பார்ப்போம். பதினைந்து வருடம் என்றால் மாதம் சுமார் 234 டாலர். முடிவில் கட்டியிருப்பது 42,000 டாலர். அதையே பத்து வருடத்தில் முடித்தால் மாதம் சுமார் 305, மொத்தம் 36,600. மாதம் 71 டாலர் கூடுதலாகக் கட்டினால் 5,400 டாலர் மிச்சம், ஐந்து வருடம் முன்னாலேயே விடுதலை. ஃபெடரல் லோனை முன்கூட்டி அடைக்க எந்த அபராதமும் இல்லை. கூடுதல் பணம் கட்டும்போது, வட்டி அதிகமுள்ள கடனில் அதை வரவு வைக்கும்படி சர்வீசரிடம் எழுதிக் கேள்.

இரண்டாவது, ரீபேமென்ட் அசிஸ்டன்ஸ் பிளான். சுருக்கமாக ராப். வருட வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை, பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கட்டுவது. குறைந்தபட்சம் மாதம் 10 டாலர். வரிக் கணக்கில் காட்டும் வருமானம் 45,000 என்றால் 4%. மாதம் 150 டாலர். ஒழுங்காகக் கட்டினால், அந்தத் தவணையில் அடையாமல் நிற்கும் வட்டியை அரசு தள்ளுபடி செய்யும். அசலும் மாதம் 50 டாலர் வரை குறைவதற்கு அரசு கைகொடுக்கும். முப்பது வருடம் கட்டியும் மீதி இருந்தால் ரத்து. தொடக்கச் சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்கு இது பாதுகாப்பு. சம்பளம் ஏறியதும் ஸ்டாண்டர்ட் தொகையோடு ஒப்பிட்டுப் பார்.

அரசுப் பள்ளி, அரசு அலுவலகம், லாப நோக்கமற்ற மருத்துவமனை போன்ற இடங்களில் முழு நேர வேலை என்றால், தகுதியான 120 தவணைக்குப் பிறகு மீதியை ரத்து செய்யும் பொதுச் சேவைத் தள்ளுபடியும் இருக்கிறது. ஆசிரியை ஆக ஆசைப்படும் தங்கை இதை முதல் நாளிலிருந்தே மனதில் வைக்க வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் ஆட்டோ பே போட்டுவிடு. வட்டியில் 0.25% குறையும்.

12. கஷ்டம் வந்தால் ஒளியாதே, ஏமாறாதே

தவணை 90 நாள் தவறினால் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். 270 நாள் தவறினால் 'டிஃபால்ட்'. அதன் பிறகு வழக்குப் போடாமலேயே சம்பளத்தில் 15% வரை பிடிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. வரி ரீஃபண்டையும் எடுத்துக்கொள்ளும்.

வேலை போனால் முதல் வாரமே சர்வீசருக்குப் பேசு. ராப் திட்டத்துக்கு மாறினால் தவணை மிகச் சிறியதாக இறங்கும். 2027 ஜூலை 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கு, வேலையின்மை, பணக்கஷ்டம் என்ற காரணங்களுக்கான ஒத்திவைப்பு இருக்காது என்று புதுச் சட்டம் சொல்கிறது. அதனால் மூன்று மாதத் தவணையையாவது தனியாகச் சேர்த்து வைப்பது முன்னைவிட முக்கியம்.

"உங்க லோனை ரத்து பண்ணித் தர்றோம், 600 டாலர் கட்டுங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடு. உண்மையான தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கக் காசு கிடையாது. உன் ஸ்டூடன்ட் எய்ட் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே. அது உன் கையெழுத்துக்குச் சமம்.

கடைசியாக ஒன்று

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஃபெடரல் கடன்களுக்கு வட்டியைப் பூஜ்யமாக்கி, தவணையையும் அரசு நிறுத்தி வைத்தது. 2023 ஆகஸ்ட் வரை அந்தச் சலுகை நீடித்தது. என் நண்பர்கள் பலர் கட்டுவதை நிறுத்தினார்கள். எனக்கு வேலை இருந்தது. அம்மா, "வட்டியில்லாத நேரத்துல கட்டுற ஒவ்வொரு காசும் அசல்லதான்டி போகும்" என்றாள். ஒரு மாதம்கூட விடாமல் கட்டினேன். 2022-இல் கணக்கில் பூஜ்யத்தைப் பார்த்தேன். அமெரிக்கக் கடன் சட்டம் எதுவும் தெரியாத அம்மா, சீட்டுக் கட்டியும் நகையை மீட்டும் பழகிய கணக்கிலிருந்து சொன்னது அது. அதனால்தான் சொல்கிறேன், இந்த விஷயத்தைப் பெற்றோரிடம் மறைக்காதே. பெயர்கள்தான் அவர்களுக்குப் புதிது. அசலும் வட்டியும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படிப்புக்காகக் கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சப்சிடைஸ்ட் லோன் போல மலிவான கடன் உனக்கு வாழ்க்கையில் மறுபடி கிடைப்பது அரிது. மொத்தக் கடன், வேலையில் சேரும் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். என் அனுபவத்தில் அதுதான் பாதுகாப்பான எல்லை.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்தக் கடிதத்தை மேஜையில் விரி. அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், "இதைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று பென்சிலால் எழுதிப் பதில் போடு. எல்லா வரிக்கும் பதில் எழுதி முடித்த பிறகு மட்டும் 'அக்செப்ட்' அழுத்து.